கூம்பு ஃபில்டரும் ஷார்ட் பாட்டிலும் போட்ட கிளாசிக் 350: மெயின் ஜெட் 130 ஆக்கியும் வெடிப்பு நிற்கவில்லை

தாம்பரம்_350:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2014 ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350, யூசிஇ எஞ்சின் (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுல), மிக்குனி பிஎஸ்29 சிவி கார்ப் (காத்தையும் பெட்ரோலையும் கலக்குற கார்புரேட்டர்). செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. ஒரிஜினல் ஃபில்டர் இருக்குற ஏர்பாக்ஸைக் கழற்றிட்டு கார்ப் வாயிலேயே நேரா கூம்பு ஃபில்டர் மாட்டியிருக்கு. சைலன்சர் ஷார்ட் பாட்டில், எஞ்சின்ல இருந்து அதுக்கு வர்ற பெண்ட் பைப் பழசுதான். இது ரெண்டும் மாறின பிறகு வந்த தொந்தரவு இவ்வளவு:

ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சர்ல படபடன்னு வெடிக்குது. டாப் கியர்ல 45, 50ல ஒரே சீரா போனா வண்டி முன்னாடி ஒரு தள்ளு, பின்னாடி ஒரு இழுவைன்னு ஆடுது. சிக்னல்ல நிறுத்தினா ஐடில் உடனே இறங்காம மேலேயே நின்னு, மெதுவா வருது. காலைல ஸ்டார்ட் பண்ணி மூணு நிமிஷம் கழிச்சு சோக்கை எடுத்தாலும் நின்னுடுது.

லீனா (பெட்ரோல் கம்மியா) ஓடுதுன்னு சொல்லி மெக்கானிக் மெயின் ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடுற பித்தளைத் துளை) 110ல இருந்து 130 ஆக்கினார். பைலட் ஜெட் 25, அதைத் தொடலை. நீடிலும் அப்படியே. மிக்சர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று வெளியே இருக்கு. இப்போ நிலைமை: வெடிப்பு அப்படியே இருக்கு. 80க்கு மேல முழுசாத் திருகினா கும்முன்னு அமுங்குது. மைலேஜ் 35ல இருந்து 27க்கு வந்துடுச்சு. பிளக் கரியா வருது.

ஒரே கார்ப் எப்படி லீனாவும் ரிச்சாவும் (பெட்ரோல் கூடுதலா) இருக்கும்? மெயின் ஜெட்டை இன்னும் ஏத்தணுமா, இறக்கணுமா?

---

பித்தளைஜெட்:

இறக்குங்கள். முதல் வேலையாக 110க்கே திரும்புங்கள்.

கார்ப்பில் பெட்ரோல் ஒரே வழியாக வருவதில்லை. ஐடிலிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை பைலட் ஜெட்டும் மிக்சர் ஸ்க்ரூவும் கொடுக்கின்றன. அதற்கு மேல் முக்கால் வரை நீடில் என்ற ஊசியின் உயரமும் அதன் கூர்ப்பும் அளக்கின்றன. மெயின் ஜெட் அளவுக்கு வேலை வருவது அதற்கும் மேலேதான். நீங்கள் எழுதிய நாலு தொந்தரவுமே முதல் இரண்டு பகுதிக்குள் வருபவை. ஜெட் மாற்றியதோ மூன்றாவது பகுதியில். அடி காலில், கட்டு கையில். அதனால்தான் கீழே லீன் அப்படியே நிற்கிறது, மேலே புதிதாக ரிச் வந்து சேர்ந்திருக்கிறது.

மிக்குனி மெயின் ஜெட் பலவற்றில் எண் என்பது நிமிடத்துக்கு எத்தனை மில்லி பாயும் என்ற கணக்கு. அப்படிப் பார்த்தால் 110லிருந்து 130 என்பது 18 சதவீதம் கூடுதல் பெட்ரோல். ஃபில்டரும் சைலன்சரும் மாற்றிய ஒற்றைச் சிலிண்டருக்கு வழக்கமாக ஒரு படி, மிஞ்சிப் போனால் இரண்டு படி. அதாவது 115, அல்லது 120. சைலன்சரை மட்டும் மாற்றியிருந்தால் பல வண்டிகளில் மெயின் ஜெட்டைத் தொடவே தேவைப்படாது. கலவையைக் கலைப்பதில் பெரிய பங்கு ஏர்பாக்ஸ் போனதுக்குத்தான்.

ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். ஏர்பாக்ஸும் அதன் மூக்குக் குழாயும் காற்றைக் கொஞ்சம் தடுக்கின்றன. அதனால் கார்ப் வாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவு. கார்ப்பின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணமான ஃப்ளோட் பௌலுக்கோ வெளிக்காற்றின் முழு அழுத்தம். இந்த வித்தியாசமும் சேர்ந்துதான் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே தள்ளுகிறது. கூம்பு ஃபில்டர் போட்டதும் அந்தத் தள்ளல் குறைகிறது, உள்ளே போகும் காற்று கூடுகிறது. இரண்டும் ஒரே திசையில், லீன் பக்கம்.

ஜெட் பெட்டியைத் திறக்கும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள். இவை சரியில்லாமல் எந்த ஜெட் போட்டாலும் வீண்.

ஒன்று, காற்றுக் கசிவு. கார்ப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் மேனிஃபோல்டை வளைத்துப் பாருங்கள், விளிம்பில் மெல்லிய வெடிப்பு இருக்கும். ஐடிலில் ஓடவிட்டு அந்த இணைப்பைச் சுற்றிக் கார்ப் கிளீனரைக் கொஞ்சமாக அடியுங்கள். ஐடில் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். சூடான பெண்ட் பைப் பக்கம் தெறிக்கக் கூடாது, தீப்பிடிக்கும். ஐடில் மேலேயே நின்று இறங்குவதற்கு முதல் சந்தேகம் இந்த ரப்பர்மேல்தான்.

இரண்டு, பெண்ட் பைப் ஹெட்டில் சேரும் இடமும் சைலன்சர் கிளாம்பும். சைலன்சர் மாற்றும்போது பழைய கேஸ்கட்டையே திரும்ப மாட்டியிருப்பார்கள். இணைப்பைச் சுற்றிக் கருமை படர்ந்திருந்தால் கசிகிறது என்று அர்த்தம். ஆக்சிலேட்டரை மூடும்போது சிலிண்டருக்குள் கலவை மிகவும் நீர்த்துப்போய்ச் சில சுற்று எரியாமல் வெளியேறும். இந்தக் கசிவு வழியாக அதற்குப் புதுக் காற்று கிடைத்தால் சூடான குழாய்க்குள் வெடிக்கும். ஹெட்டிலிருந்து எக்ஸாஸ்டுக்குக் காற்று விடும் ஏர் இன்ஜெக்‌ஷன் குழாய் உங்கள் வண்டியில் இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும்.

மூன்றாவதைத்தான் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. கூம்பு ஃபில்டரைக் கழற்றிக் கார்ப் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய துளையைச் சுற்றி, விளிம்பிலேயே சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். பைலட்டுக்கும் மெயினுக்கும் காற்று போகும் வழிகள் அவை. காற்று வழியில் ஏறி இறங்கும் ஸ்லைடு என்ற தடுப்பைத் தூக்கும் ரப்பர் சவ்வுதான் டயஃப்ரம்; அதன் அடிப்பக்கத்துக்கு வெளி அழுத்தத்தைக் காட்டும் வழியும் அங்கேதான். விலை குறைந்த கூம்பு ஃபில்டர்களின் ரப்பர் உதடு தடிமனாக இருக்கும். உள்ளே தள்ளி கிளாம்பை இறுக்கியதும் அந்த உதடு ஓட்டைகளில் ஒன்றிரண்டை மூடிவிடும். மெயினின் காற்று வழி மூடினால் மேலே ரிச். டயஃப்ரத்தின் வழி மூடினால் ஸ்லைடு சோம்பேறியாக எழும்பும், நடு வேகத்தில் ஆட்டம் வரும். நாள்கணக்கில் ஜெட் மாற்றினாலும் பிடிபடாது. உதட்டைக் கூரான கத்தியால் 2, 3 மி.மீ. சீவி, ஓட்டைகள் தெரிகிற மாதிரி மாட்டுங்கள்.

ஏர்பாக்ஸில் எஞ்சின் பிரீதர் குழாய் (கிராங்க்கேஸ் காற்று வெளியேறும் வழி) வந்து சேர்ந்திருந்தால் அதன் நுனியை அடைத்துவிடாதீர்கள். சின்ன பிரீதர் ஃபில்டர் ஒன்று மாட்டி உயரமாகக் கட்டுங்கள். அடைத்தால் கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியாகக் கசியும்.

இவையெல்லாம் சரியான பிறகு வரிசை இது: மெயின், நீடில், பைலட், கடைசியாக மிக்சர் ஸ்க்ரூ. மெயினை மாற்றினால் நீடில் பகுதியும் கொஞ்சம் நகரும், அதனால் மேலிருந்து கீழே வருவதுதான் நேர் வழி. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்.

மெயினுக்குச் சோதனை: சிவி கார்ப்பில் நீங்கள் திருகுவது காற்று வழியைத் திறக்கும் தட்டான பட்டர்ஃப்ளையை மட்டும். ஸ்லைடைத் தூக்குவது எஞ்சினின் உறிஞ்சல். டாப் கியரில் 40ல் முழுசாகத் திருகினாலும் ஸ்லைடு பாதிதான் எழும்பும், அங்கே மெயின் ஜெட்டைப் பற்றி எதுவும் தெரியாது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, வண்டி நடமாட்டம் இல்லாத நீளமான ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முழுசாகத் திறந்து, சுற்று ஏறியதும் கைப்பிடியைத் துளி மட்டும் திரும்ப விடுங்கள். அந்தக் கணத்தில் வண்டி முன்னால் பாய்கிற மாதிரி இருந்தால் மெயின் சின்னது. தடுமாறித் தொண்டை அடைத்த மாதிரி வந்தால் பெரியது. கொஞ்சமாகத் தளர்ந்தால் சரி. 110ல் தொடங்கி 115, பிறகு 120 என்று பாருங்கள். நன்றாக இழுக்கும் அளவுகளில் எது சிறியதோ அதில் நிறுத்துங்கள்.

நீடிலுக்கு: கைப்பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். கால் திறப்பில் சீராகப் போகும்போது ஆட்டம் வந்தால் சோக்கை லேசாக இழுங்கள். ஆட்டம் நின்றால் அந்த இடம் லீன். நீடிலில் பல வெட்டுகள் இருந்தால் கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்குங்கள், நீடில் உயரும். ஒரே வெட்டுதான் என்றால் கிளிப்புக்கு அடியில் 0.5 மி.மீ. தடிமனுள்ள வாஷர் ஒன்று. சின்னத் திருகுகளுக்கு வரும் 3 மி.மீ. வாஷரின் தடிமன் அதுதான். ஒன்றில் தீராவிட்டால் இரண்டு. மூன்று தேவைப்பட்டால் வேறு எங்கோ கோளாறு.

கார்ப்பில் த்ராட்டில் பொசிஷன் சென்சார் இருந்தால் அதன் திருகுகளைத் தொடாதீர்கள். இக்னிஷன் டைமிங் அதைப் பார்த்துத்தான் மாறுகிறது.

---

ஜிபி_ரோடு:

மேல சொன்னது அத்தனையும் சரி. ஜெட் வாங்குறதையும் கழட்டுறதையும் பத்தி நான் சேர்க்கிறேன், பாதிப் பேர் அங்கதான் கோட்டை விடுறாங்க.

பழைய ஜெட்டைக் கையில எடுத்துட்டுப் போங்க. தலை வடிவம், மரை, நீளம் மூணும் ஒத்துப் போகணும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலயும் புதுப்பேட்டையிலயும் 'எல்லா வண்டிக்கும் செட் ஆகும்'னு பாக்கெட்ல போட்டுத் தர்ற ஜெட்டை வாங்காதீங்க. 110ன்னு பொறிச்சிருக்கும், ஓட்டை அளவு ஒண்ணுக்கொண்ணு வேற மாதிரி இருக்கும். ரெண்டு ஜெட்டை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ஓட்டையோட உள்சுவர் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கணும், வாய் ரெண்டு பக்கமும் ஒழுங்காச் சரிவா இருக்கணும். டிரில் பிட் ஓட்டினது கோடு கோடாத் தெரியும். அப்படிப் பெருசாக்கின ஜெட்ல எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

கெய்ஹின்ங்கிற இன்னொரு கார்ப் கம்பெனி ஜெட்டோட எண்ணை மிக்குனி எண்ணோட ஒப்பிடாதீங்க. கெய்ஹின்ல எண் ஓட்டையோட விட்டம். 110ன்னா 1.10 மி.மீ. அங்க 110ல இருந்து 130க்குப் போனா பரப்பு கிட்டத்தட்ட 40 சதவீதம் ஏறும். நண்பர் வண்டில 130 நல்லா ஓடுதுன்னு கேட்டுட்டு நம்ம வண்டில போடுறவங்க இங்கதான் மாட்டிக்கிறாங்க.

பௌல் திருகுத் தலை பார்க்க சாதாரண ஸ்டார் மாதிரி இருக்கும், ஆனா அது ஜப்பான் அளவு. நம்ம ஊர் ஸ்டார் ஸ்க்ரூட்ரைவர் அதுல முழுசா உட்காராது, ரெண்டாவது தடவையே தலை மொழுங்கிடும். அதுக்கான பிட் வாங்கிக்கோங்க. இல்ல, கழட்டின கையோட அதே மரையில ஆலன் தலை போல்ட்டா மாத்திடுங்க, அடுத்த தடவை கார்ப்பை வண்டியில வச்சபடியே பௌலை இறக்கலாம்.

மெயின் ஜெட்டைக் கழட்டும்போது கவனமா இருங்க. அது விட்டதும் மேல இருக்குற நீடில் ஜெட்டும் (நீடில் இறங்குற குழாய்) பிடி விட்டு நழுவலாம். எந்தப் பக்கம் மேலன்னு பார்த்து வச்சுக்கோங்க. ஃப்ளோட் பின் ஒரு பக்கமாத்தான் வரும். வரலைன்னு சுத்தியல் எடுத்தா அலுமினியக் காது உடையும், அப்புறம் கார்ப்பையே மாத்தணும். ஜெட் பித்தளை, பாடி அலுமினியம். ஸ்க்ரூட்ரைவரை ரெண்டு விரல்ல பிடிச்சு இறுக்கினாலே போதும்.

டயஃப்ரத்தைக் கழட்டினா வெளிச்சத்துல நீட்டிப் பிடிச்சு ஊசி ஓட்டை இருக்கான்னு பாருங்க. பெட்ரோல்லயோ கார்ப் கிளீனர்லயோ அதை முக்கக் கூடாது, ஊதிப் பெருத்துடும், மறுபடி பள்ளத்துல உட்காராது. விளிம்புல சின்ன நாக்கு ஒண்ணு இருக்கும், அது அதுக்குரிய குழியில உட்காரணும். மாட்டின பிறகு விரலால ஸ்லைடைத் தூக்கி விடுங்க. மெதுவா, ஒரே சீரா இறங்கி டக்குன்னு நிக்கணும். படக்குன்னு விழுந்தா டயஃப்ரம் கிழிஞ்சிருக்கு, இல்ல மேல்மூடி சரியா உட்காரலை.

பைலட் ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தாதீங்க. அந்த ஓட்டை தலைமுடி அளவுதான். கார்ப் கிளீனர், அப்புறம் காத்து. அவ்வளவுதான்.

---

புகைக்குழாய்:

பிளக்கின் நிறத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலில் சரியான கலவையிலேயே பீங்கான் கிட்டத்தட்ட வெள்ளையாகத்தான் நிற்கும். அந்தக் காலத்துக் காபிப் பொடி நிறத்தைத் தேடிப் போனால் ரிச்சில் போய் நிற்பீர்கள். பார்த்தே ஆகவேண்டும் என்றால் புது பிளக் போட்டு, முழுத் திறப்பில் ஓட்டி, கிளட்ச் பிடித்து உடனே எஞ்சினை நிறுத்திக் கழற்றுங்கள். பீங்கான் உள்ளே போய் மறையும் அடிப்பகுதியில் மெல்லிய புகை வளையம் இருந்தால் மெயின் சரி. ஐடிலில் உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து கழற்றினால் பிளக் காட்டுவது ஐடிலைத்தான், மெயினை அல்ல.

ஐடிலுக்கு இதைவிட நல்ல கருவி புகைப் பரிசோதனை நிலையத்திலேயே இருக்கிறது. கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போய், கருவியின் குழாய் சைலன்சரில் இருக்கும்போதே மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் சிஓ (கார்பன் மோனாக்சைடு) அளவு நிலைக்க அரை நிமிடம் கொடுங்கள். காற்றுக் குளிர்ச்சி எஞ்சினுக்கு 1.5 முதல் 3 சதவீதத்துக்குள் நின்றால் ஐடிலும் நன்றாக இருக்கும், எடுப்பும் நன்றாக இருக்கும். 2000க்குப் பிறகு, பிஎஸ்4 மாசு விதிக்கு முன் வந்த இருசக்கர வண்டிகளுக்குச் சட்ட வரம்பு 3.5 சதவீதம். நான்கு ஸ்ட்ரோக்குக்கு ஹைட்ரோகார்பன் 4500 பிபிஎம். ஏர் இன்ஜெக்‌ஷன் குழாய் இருந்தால் அளக்கும்வரை அதை மடித்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் அந்தக் காற்றும் கலந்து அளவைக் குறைத்துக் காட்டும். அளந்ததும் அவிழ்த்துவிடுங்கள். சைலன்சர் இணைப்பில் கசிவு இருந்தாலும் அளவு பொய்தான்.

வெடிப்பு பற்றி ஒரு வார்த்தை. எல்லாம் சரி செய்த பிறகும் உயர்ந்த சுற்றிலிருந்து சட்டென்று மூடினால் ஒன்றிரண்டு மெல்லிய பொட்டு கேட்கலாம். ஒரிஜினல் சைலன்சரிலும் அது நடந்துகொண்டுதான் இருந்தது, தடுப்புகள் அதை வெளியே விடவில்லை. அதை முழுசாக நிறுத்துவதற்காக பைலட்டை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். அதேசமயம், திறக்கும்போது ஃபில்டர் பக்கம் 'தூ' என்று துப்பினால் அதை விடக் கூடாது. அது உண்மையான லீன், பிஸ்டனுக்கும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் சூடு.

ஷார்ட் பாட்டிலில் உள் தடுப்பைக் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டுங்கள். டியூனிங்குக்கும் அது நல்லது, கீழ் சுற்றில் இழுவை திரும்பும். சத்தத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கும் என்பதை அதற்கும் மேலாக நினைக்கிறேன்.

---

தாம்பரம்_350:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சொன்னபடியே ஒவ்வொண்ணாப் பார்த்தாச்சு, கண்டது இது:

ஃபில்டரோட ரப்பர் உதடு கார்ப் வாய்க்குள்ள கிட்டத்தட்ட 4 மி.மீ. போயிருந்தது. கீழ்ப்பக்க ஓட்டை ஒண்ணு முழுசா மூடி, அதோட வட்ட அச்சு ரப்பர்லயே பதிஞ்சிருந்தது. சீவியாச்சு. பெண்ட் பைப் கேஸ்கட் நசுங்கி ஒரு பக்கம் கருமை, புதுசு போட்டாச்சு. மேனிஃபோல்ட் ரப்பர்ல கசிவு இல்லை.

மெயின் 110ல முழுத் திறப்புல கைப்பிடியைத் துளி விட்டா வண்டி பாயுது. 115ல அது இல்லை. 120லயும் நல்லாத்தான் இழுக்குது, ஆனா 115ஐ விட வித்தியாசம் தெரியலை, அதனால 115லயே விட்டாச்சு. நீடில்ல ஒரே வெட்டு, 0.5 மி.மீ. வாஷர் ஒண்ணு போட்டதும் 45, 50ல வந்த ஆட்டம் போயிடுச்சு.

மிச்சம் இருக்குறது: மிக்சர் ஸ்க்ரூவை மூன்றரைச் சுற்று வெளியே எடுத்தாத்தான் ஐடில் நிக்குது. வெடிப்பு பாதி குறைஞ்சிருக்கு. சோக் இன்னும் ரெண்டு நிமிஷம் வேணும். இன்னொண்ணு, அடுத்த மாசம் ஊட்டி போகணும். அதுக்கு ஏதாவது மாத்தணுமா?

---

பித்தளைஜெட்:

மூன்றரைச் சுற்று என்பதே பதில். பைலட் ஜெட் சின்னது. 25லிருந்து 27.5 போடுங்கள், நேராக 30க்குத் தாவ வேண்டாம்.

போட்ட பிறகு: பத்து நிமிடம் ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். மிக்சர் ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே எடுத்தால் ரிச். ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துவது, வெளியே எடுத்தால் லீன். உங்களுடையது எஞ்சின் பக்கம். அதை மெதுவாக உள்ளே திருகுங்கள், லேசாக முட்டியதும் நிறுத்திவிடுங்கள். இறுக்கினால் கூரான நுனி சிதைந்து, உட்காரும் இடமும் விரியும், பிறகு எந்தச் சுற்றிலும் சரியாக நிற்காது. அங்கிருந்து இரண்டு சுற்று வெளியே. ஐடில் திருகால் 1000க்குக் கொஞ்சம் மேலே வைத்து, மிக்சரைக் கால் கால் சுற்றாக வெளியே எடுங்கள். சத்தம் ஏறும், ஒரு இடத்தில் ஏற்றம் நிற்கும். அதுதான் இடம். ஐடில் ஏறியிருந்தால் திரும்ப 1000க்கு இறக்கி, இன்னொரு தடவை அதே மாதிரி பாருங்கள்.

அந்த இடம் ஒன்றரைக்கும் இரண்டரைச் சுற்றுக்கும் நடுவில் விழுந்தால் ஜெட் சரி. முக்கால் சுற்றுக்குள்ளேயே வந்துவிட்டால் 27.5 பெரியது, 25க்கே திரும்பி வேறு கசிவைத் தேட வேண்டும். மூன்றைத் தாண்டினால்தான் 30. யூசிஇ எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பட், வால்வ் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும், அதனால் வால்வ் கிளியரன்ஸ் சந்தேகத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

27.5 போட்டதும் நீடில் பகுதியை ஒரு தடவை திரும்பப் பாருங்கள். பைலட் பெட்ரோல் கால் திறப்பு வரை கூடவே வரும். கால் திறப்பில் மந்தமாகி, சோக்கைத் தொட்டதும் இன்னும் மோசமானால் வாஷரை எடுத்துவிடுங்கள்.

---

குன்னூர்_ஏற்றம்:

ஊட்டிக்கு ஜெட் மாத்தாதீங்க. கணக்கு இதோ. ஊட்டி சுமார் 2240 மீட்டர். அங்க காத்தோட அடர்த்தி சமவெளியை விட 20 சதவீதம் அளவுக்குக் குறைவு. கலவை ரிச் ஆகுறது அதோட வர்க்கமூலக் கணக்குல, ஏறக்குறைய 10 சதவீதம். 115 போட்ட கார்ப்புக்கு மேல 105தான் சரியா வரும். ஆனா ரெண்டு நாள் பயணத்துக்கு ரிச்சா ஓடினா போறது கொஞ்சம் மைலேஜும் கொஞ்சம் இழுவையும்தான். 105 போட்டுட்டு அப்படியே மேட்டுப்பாளையம் இறங்கி, வெயில்ல கோயம்புத்தூர் ரோட்டுல முழுசாத் திருகினா பிஸ்டன் போகும். மேல போனதும் ஐடில் திணறினா மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, மிஞ்சினா அரைச் சுற்று உள்ளே திருகுங்க. எவ்வளவு திருப்பினீங்கன்னு டேங்க் மேல ஒரு டேப்ல எழுதி ஒட்டிக்கோங்க, இறங்கினதும் அதே அளவு திரும்ப வெளியே.

மலையை விட முக்கியமானது பெட்ரோல். எத்தனால் இல்லாத பெட்ரோல் முழுசா எரிய 1 கிலோவுக்கு 14.7 கிலோ காத்து. 10 சதவீதம் எத்தனால் கலந்த இ10க்கு 14.1, 20 சதவீதம் கலந்த இ20க்கு சுமார் 13.5. இ10ல இருந்து இ20க்கு வந்தாலே அதே ஜெட் 4 சதவீதம் லீன். மெயின்ல 110க்கும் 115க்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட அதே அளவுதான். பழைய பதிவுகள்ல யாரோ எழுதின ஜெட் எண்ணை இன்னிக்கு அப்படியே போடக் கூடாதுங்கிறதுக்கு இதுதான் காரணம். உங்க 115ம் 27.5ம் இ20ல பார்த்து முடிவு பண்ணினதா இருக்கட்டும்.

2014 வண்டியோட ரப்பர்கள் இ20ஐ நினைச்சுச் செஞ்சது இல்லை. பௌல் ஓ-ரிங், டியூப், ஃப்ளோட் நீடிலோட ரப்பர் நுனி மூணையும் இப்போ பௌல் திறக்கும்போதே பாருங்க. ரப்பர் நுனி ஊதிப் பள்ளம் விழுந்திருந்தா பெட்ரோல் மட்டம் ஏறும், எல்லாப் பகுதியும் ரிச் ஆகும், ஜெட் மேல பழி விழும். மட்டத்தைப் பார்க்க பௌலோட டிரெயின் குழாய்ல கண்ணாடி மாதிரி தெரியுற டியூபை மாட்டி, கார்ப்போட பக்கத்துல மேல தூக்கிப் பிடிங்க. டிரெயின் திருகைத் திறந்ததும் டியூப்ல நிக்கிற மட்டம்தான் பௌல்ல இருக்குற மட்டம். கேஸ்கட் கோட்டுக்கு மேல போனா ஃப்ளோட் உயரத்தை மேனுவல்ல இருக்குற அளவுக்கு வைங்க.

வண்டியை ரெண்டு வாரத்துக்கு மேல நிறுத்துறதா இருந்தா டிரெயின் திருகைத் திறந்து பௌலைக் காலி பண்ணிடுங்க. எத்தனால் ஈரத்தை இழுத்து அடியில வெள்ளைப் பொடி படிய வைக்கும். முதல்ல அடைபடுறது அந்த 27.5 பைலட் ஜெட்தான்.

---

தாம்பரம்_350:

27.5 போட்டாச்சு. மிக்சர் ரெண்டு சுற்றுல உச்சத்துக்கு வருது. சோக் அரை நிமிஷத்துல எடுக்க முடியுது, ஐடில் உடனே இறங்குது. வெடிப்பு 80ல இருந்து சட்டுன்னு மூடினா மட்டும் ஒண்ணு ரெண்டு. வாஷர் அப்படியே இருக்கு, கால் திறப்புல மந்தம் இல்லை. ஃப்ளோட் நீடில் நுனியில சின்ன வளையம் மாதிரி பள்ளம் தெரியுது, டியூப்ல மட்டம் கேஸ்கட் கோட்டுக்கு 2 மி.மீ. மேல நிக்குது. புது நீடில் வாங்கிப் போடுறேன். மட்டம் இறங்கினதும் மெயின் 115 போதுமான்னு மறுபடி பார்க்கணுமா?

---

பித்தளைஜெட்:

கட்டாயம் பார்க்க வேண்டும். இதுவரை பார்த்தது எல்லாம் உயர்ந்த மட்டத்தில். மட்டம் சரியானதும் எல்லாப் பகுதியும் ஒரு துளி லீன் பக்கம் நகரும். அதே ஏற்றம், அதே மூன்றாம் கியர், முழுத் திறப்பில் துளி விட்டுப் பாருங்கள். பாய்ந்தால் எடுத்து வைத்திருக்கும் 120ஐப் போடுங்கள். பாயாவிட்டால் 115லேயே இருக்கட்டும். மிக்சரை மறுபடி உச்சம் பார்த்து வையுங்கள், ஏறக்குறைய கால் சுற்று வெளியே போகும்.

அந்த 130 ஜெட்டை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

---

ஜிபி_ரோடு:

ஃப்ளோட் நீடிலைத் தனியா வாங்காதீங்க, அது உட்கார்ற பித்தளை சீட்டோட சேர்த்து செட்டா மாத்துங்க. பழைய சீட்ல தேய்ஞ்ச வளையம் இருந்தா புது நுனியும் சீக்கிரமே பள்ளமாயிடும். சீட் கழட்டுற மாதிரி இல்லாத கார்ப்பா இருந்தா, பட்ஸ்ல மெட்டல் பாலிஷ் துளி தொட்டு சீட்டைத் துடைச்சு, பெட்ரோல்ல கழுவிட்டு மாட்டுங்க.